மனை மாட்சி: நுரைதான் தூய்மையா?

2017ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பெய்த மழையை அடுத்து நொய்யல் ஆற்றில் வெண்ணுரை பொங்கி எழுந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது தமிழகத்தின் சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த கே.சி. கருப்பணன், கோவை மக்கள் சோப்பைப் பயன்படுத்துவதால் உண்டான நுரையே அது என்று விளக்கம் தந்தார். நாடே நகைத்தது. நகைப்பில் நியாயமும் இருந்தது. நொய்யலைப் பாழாக்கியதில் பெரும்பங்கு திருப்பூரின் சாயக்கழிவுக்கு உரியது என்பதைக் கொங்கு மண்ணில் பிறந்த குழந்தையும் அறியும். பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டதும் ஏட்டில் பதிந்த செய்திகளாகும்.

எனினும், சகோதரிகளே, சிரித்து முடித்தபின் நம் அடுக்களைத் தொட்டியின் பக்கம் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது. பாத்திரம் துலக்கிய நீரும், துணி அலசிய நீரும், கழிவறையில் ஊற்றிய அமிலமும் நம் வாசலைத் தாண்டியபின் எங்கே செல்கின்றன? கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லாத தெருக்களில் அவை சாக்கடை வழியே ஓடி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் முதலான நீர்நிலைகளையோ நொய்யலையோதான் சேர்கின்றன. அக்குளங்களை மூடிப் படர்கின்ற ஆகாயத்தாமரைக்குக் கழிவுநீரே உரம். சலவைத்தூளில் பாஸ்பேட் கலந்திருப்பின் அதுவும் அவ்வுரத்தின் ஒரு பங்காகும். வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராகத் தோன்றும் ஆறு, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்குமுன் என்னென்ன சுமக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேங்கி நிற்கும் நீரில் அசுத்தம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். வெளிச்சமின்றி வாசலுக்கு அடியில் ஓடுவதால் நம் சாக்கடை அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றுவிடாது அன்றோ?

நுரையைப் பற்றி முதலில் ஒரு சொல். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாக நீங்கும் என்பது நம் பெண்களிடம் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. உண்மையில் அழுக்கைப் பிரிப்பது நுரையன்று. எண்ணெயையும் நீரையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஒருவகைப் பொருளே அப்பணியைச் செய்கிறது. நுரை அதன் நிழல் மட்டுமே. 1950களில் மேலை நாடுகளில் செயற்கைச் சலவைப்பொருட்கள் பெருகியபோது, அவை மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்கி, அங்குள்ள ஆறுகளிலும் நுரைமலைகளை எழுப்பின. ஆகவே 1960களில் எளிதாகச் சிதையக்கூடிய வேறுவகைப் பொருளுக்கு உற்பத்தியாளர்கள் மாறினர். ஆனால் எளிதாகச் சிதைவதற்கும் காலமும் காற்றும் வேண்டும். சாக்கடையிலிருந்து நேரே குளத்தில் விழும் நீருக்கு அவ்வாய்ப்புக் குறைவு.

அடுத்து, நம் வீட்டுத் தண்ணீரை அறிந்துகொள்ள வேண்டும். கோவையில் 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று இரண்டு கணக்கு எல்லா வீட்டிலும் உண்டு. சிறுவாணி நீர் மென்மையானது. சிறிதளவு சோப்பே போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதில் சோப்பைக் கரைத்தால் நுரைக்குப் பதிலாகத் தயிர்போல் திரிந்த ஏடு மிதக்கும். வெள்ளைச் சட்டை நாளடைவில் பழுப்பேறுவதற்கும் வாளியின் விளிம்பில் பிசுக்குப் படிவதற்கும் அந்த ஏடே காரணம். ஐயமிருப்பின் ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீரெடுத்து, சோப்புச் சீவல் சிறிது போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் மென்னீர். நீர் கலங்கி ஏடு தோன்றினால் வன்னீர். வன்னீருள்ள வீட்டில் 'சோப்பு போதவில்லை' என்று மேலும் மேலும் தூளைக் கொட்டுவதால் பணம் கரைவதைத் தவிர வேறு பயன் இல்லை.

இதற்கு மாற்று, கடையில் மலிவாகக் கிடைக்கும் சலவைச் சோடா. ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டுவைத்தால் சுண்ணாம்புச் சத்துப் பிரிந்துவிடும். பின்பு சாதாரணப் பார் சோப்பே நன்கு வேலை செய்யும். முற்காலத்தில் வண்ணார்கள் உவர்மண்ணைக் கொண்டு வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் இருந்ததும் இதே சோடாதான். பட்டிலும் கம்பளியிலும் இதைப் படவிடக் கூடாது, அவை நைந்துவிடும். அலுமினியப் பாத்திரத்திலும் கூடாது, கறுத்து அரித்துவிடும். கைத்தோலையும் உலர்த்துமாதலால் வேலை முடிந்ததும் கையை நன்கு கழுவிச் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

இனி, இக்கட்டுரையின் முதன்மைப் பொருளான பூந்திக்கொட்டைக்கு வருவோம்.

நம் பாட்டிமார் இதனை அறியாதவர்கள் அல்லர். கோவையின் நகைப் பட்டறைகளில் பொன்நகையை மெருகேற்றியபின் பூந்திக்கொட்டை நீரில் கழுவுவது நெடுங்கால வழக்கம். சிறுமுகைப் பட்டுச் சேலையை வாங்கி வந்தவர்கள் அதைச் சலவைத்தூளில் நனைக்க அஞ்சி, இந்நீரில்தான் அலசுவர். காயின் தோலில் உள்ள 'சபோனின்' என்னும் பொருளே இதற்குக் காரணம். அதே பொருள் சீயக்காயிலும் உண்டு. கொங்குப் பெண்கள் எண்ணெய் முழுக்கிற்கு விரும்பும் அரப்பிலும் உண்டு. பிற மாவட்டங்களில் உசிலை என்பர். நமக்கு அரப்பு என்றால்தான் தலை குளிர்கிறது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்துசெல்ல மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது, ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம் நீருடன் இலந்தை இலையைச் சேர்த்துக் குளிப்பாட்டும்படியும், இறுதியில் கற்பூரம் சேர்க்கும்படியும் அவர்கள் அறிவுறுத்தியதாக உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) அவர்களையும் நீராலும் இலந்தை இலையாலும் குளிக்கும்படி பணித்ததாக அபூதாவூதில் காண்கிறோம். இலந்தை இலையைக் கசக்கி நீரில் கலக்கினால் நுரை எழும், அதுவும் சபோனினே. நம் ஊர்களில் இன்றும் மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலையைத் தேடி எவரேனும் ஒருவர் ஓடுகிறார். பாலைநிலத்து மக்களுக்கு அவர்கள் மண்ணில் விளைந்த இலை தூய்மைப் பொருளானது போல, நம் மண்ணில் விளைந்த காய் நமக்கு ஆகாமல் போய்விட்டதா என்ன?

செய்முறை எளியது. கொட்டையை நீக்கிய தோல் 100 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். மறுநாள் அதே நீருடன் இருபது நிமிடம் மிதமான தீயில் கொதிக்கவிடுங்கள். நிறைத்து வைத்தால் பொங்கி அடுப்பை நாசமாக்கிவிடும், ஆகையால் பெரிய பாத்திரமே நலம். ஆறியபின் கையால் நன்கு பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மிஞ்சிய சக்கையை எறிய வேண்டாம். பிசுக்கேறிய தோசைக்கல்லைத் தேய்க்க உதவும். வெளியில் வைத்தால் மூன்று நாளில் புளித்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். எனவே வாரத்திற்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவதே சிக்கனம்.

பாத்திரம் துலக்கவும், தரையைத் துடைக்கவும், அன்றாடத் துணிகளைத் துவைக்கவும் இந்நீர் ஏற்றது. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு தம்ளர் போதும். தரை துடைக்கும் நீரில் வாசனை வேண்டுவோர் நீலகிரித் தைலம் நாலைந்து சொட்டு விடலாம். தைலம் உள்ளே போனால் நஞ்சாதலால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நகைகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்க்கலாம். முத்தும் பவளமும் பதித்தவற்றை ஊறவைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதையும் நினைவில் கொள்க.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டை அழுக்கும், இயந்திர எண்ணெய்க் கறையும் பூந்திக்கொட்டைக்கு அடங்கா. பட்டறைக்கும் ஆலைக்கும் செல்லும் ஆடவர் உள்ள கோவை வீடுகளில் இது சிறிய குறையன்று. அத்துணிகளை அரைமணி நேரம் சோடா நீரில் ஊறவைத்து, கறை உள்ள இடத்தில் மட்டும் பார் சோப்புத் தேய்த்து அலசுங்கள். தூய வெள்ளைத் துணிகளில் இக்காயின் பழுப்பு நிறம் சிறிதே ஏறக்கூடும். இத்தனையும் ஒத்துக்கொண்ட பின்னரும், வீட்டு வேலையில் பெரும்பகுதியை இந்த ஒரு கொட்டை சுமந்துவிடும் என்பதே என் கணிப்பு.

பாத்திரங்களில் செம்பும் பித்தளையும் புளிக்கும் உப்புக்கும் பணியும் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டு பிரியாணித் தேக்சாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஈயம் பூசிய செம்புத் தேக்சாவின் வெளிப்புறத்தை மட்டுமே புளியால் தேயுங்கள். உட்புறத்தைச் செங்கல் தூளாலும் கம்பி நாராலும் சுரண்டினால் ஈயப்பூச்சு நீங்கி, தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த உணவில் செம்பு கரைந்து களிம்பேறும். வெந்நீரில் ஊறவைத்துப் பொள்ளாச்சித் தேங்காய் நாரால் மெல்லத் துலக்குவதே முறை. விறகடுப்பு உள்ள வீடுகளில் சலித்த சாம்பல் எவர்சில்வருக்கு இன்றும் நிகரற்றது. அலுமினியத்திற்கு அது பகை.

உப்புத் தண்ணீர் வீடுகளில் குழாயிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு கல்லாக இறுகிவிடும். காடியில் நனைத்த துணியைக் குழாயில் அரைமணி நேரம் சுற்றிவைத்தால் படிவு இளகிவிடும். 'லெமன் சால்ட்' என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூள் இன்னும் சிக்கனம்; இரண்டு மேசைக்கரண்டியை இரவில் கழிவறைப் பீங்கானில் தூவிவைத்துக் காலையில் தேய்த்துக் கழுவலாம். கடையில் விற்கும் கழிவறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவியே நெஞ்சை அடைக்கும். ஆனால் எந்தப் புளிப்பையும் கடப்பைக் கல்லிலோ பளிங்கிலோ மொசைக் தரையிலோ ஊற்றாதீர்கள். அவை சுண்ணாம்புக் கற்கள். குழாயின் படிவைக் கரைக்கும் காடி அவற்றையும் கரைத்து, பளபளப்பைப் போக்கிவிடும்.

சமையல் சோடாவையும் காடியையும் ஒன்றாகக் கலந்து அடைபட்ட சாக்கடையில் ஊற்றும்படி இப்போது பலரும் அறிவுரை கூறுகின்றனர். பொங்கி நுரைக்கும்போது கண்ணுக்கு விருந்தாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, எஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புநீர். இங்கும் நுரையே நம்மை ஏமாற்றுகிறது. பிசுக்கால் அடைத்த குழாய்க்குச் சலவைச் சோடா இரண்டு கைப்பிடியும், அதன்மேல் மெல்ல ஊற்றும் ஒரு பெரிய பாத்திரம் வெந்நீருமே தக்க மருந்து.

உயிரைக் காக்கும் எச்சரிக்கை ஒன்றையும் இங்கே அழுத்திக் கூற விரும்புகிறேன். பிளீச்சிங் பவுடருடன் கழிவறை அமிலத்தையோ, காடியையோ, லெமன் சால்ட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழுவது குளோரின் நச்சுவாயு. காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, 'இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சிடும்' என்று எண்ணி ஊற்றிய பெண்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுவது கற்பனையன்று. ஒன்றைப் பயன்படுத்தி நன்கு கழுவி, மறுநாளே மற்றொன்றைத் தொடுங்கள்.

அதற்காகப் பிளீச்சிங் பவுடரை வீட்டை விட்டே விரட்டச் சொல்லவில்லை. இதுவரை கூறிய இயற்கைப் பொருட்கள் அழுக்கையும் பிசுக்கையும் நீக்கும். நோய்க்கிருமியைக் கொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டில் எவருக்கேனும் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் அவ்விடத்தைக் கழுவியபின் பிளீச்சிங் பவுடர் கரைசலே பாதுகாப்பு. பினாயில் மணத்தைத் தூய்மை என்று கருதுவதும் தவறு. நஜீஸ் நீங்க வேண்டுமெனில் அதன் பொருளும் நிறமும் வாடையும் அகல வேண்டும். வேறொரு வாசனையால் மூடிவிட்டால் அது அகன்றதாகாது.

இறுதியாக, பழத்தோல் நொதிநீர். கரும்புக்கடையிலிருந்து ஒரு சகோதரி இதைக் குறித்து வினவியிருக்கிறார். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு என்று ஒரு பிளாஸ்டிக் கலத்தில் கலந்து, மூடி, மூன்று மாதம் வைப்பதே இதன் முறை. தாய்லாந்தில் தோன்றி, மலேசியாவின் பினாங்கு வழியாகப் பரவிய முறை இது. ரமலானில் நோன்பு திறக்கும் சர்பத்திற்காகப் பிழிந்த எலுமிச்சைத் தோல்கள் குப்பைக்குப் போகாமல் இதற்கு ஆகும். முதல் திங்களில் நாள்தோறும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால் கலம் வெடிக்கும். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். முற்றியபின் வடிகட்டி, ஒரு வாளிக்கு இரண்டு மூடி வீதம் தரை துடைக்கலாம். ஊரையும் உலகையும் இது தூய்மையாக்கிவிடும் என்று சிலர் சொல்லும் பெருமைகளை நான் ஏற்பதற்கில்லை. புளிப்பான ஒரு துடைப்பு நீர், அவ்வளவே, ஆனால் செலவில்லாதது.

சகோதரியின் ஐயம் வேறு. வெல்லமும் பழத்தோலும் ஊறும்போது இடையில் போதைப்பொருள் தோன்றுமே, அந்நீரைத் தொழும் இடத்தில் தெளிக்கலாமா என்பதே அவர் வினா. நல்ல வினா. ஊறலில் முதலில் ஆல்கஹால் உண்டாவதும் பின்னர் அது காடியாக மாறுவதும் உண்மையே. தானாகவே காடியாக மாறிய மது தூய்மையாகிவிடும் என்பதில் நம் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஏதேனும் பொருளைச் சேர்த்து மாற்றினால், ஹனஃபி அறிஞர்கள் அதையும் தூய்மை என்பர். ஷாஃபி மத்ஹபில் அதற்கு இசைவு இல்லை. கொங்கு நாட்டு ராவுத்தர்களும் உருது பேசும் மக்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். பாலக்காட்டு வழிவந்த மலையாளக் குடும்பங்கள் ஷாஃபிகள். ஒரே தெருவில் இரு வீட்டார்க்கும் இரு விடை அமையக்கூடும். இந்த ஊறல் எந்த நிலையில் எவ்வகையைச் சாரும் என்பதை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. அதுவரை தொழும் அறைக்குப் பூந்திக்கொட்டை நீரைப் பயன்படுத்துங்கள். அதில் எவருக்கும் ஐயமில்லை. நஜீஸ் பட்ட இடத்தை எதைக் கொண்டு தேய்த்தாலும், இறுதியில் வெறும் தூய நீரால் கழுவிவிட்டால் இரு மத்ஹபினருக்கும் மனம் அமைதியுறும்.

செய்து வைக்கும் எந்தத் திரவத்தையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். பூந்திக்கொட்டை நீர் பார்வைக்குத் தேநீர் போலவும், நொதிநீர் பழச்சாறு போலவும் இருக்கும். விளையாடிவிட்டு வந்த பிள்ளை கேட்டுக் குடிக்காது. அகன்ற வாயுள்ள பழைய ஊறுகாய்க் கலமொன்றில் ஊற்றி, பெயரையும் செய்த நாளையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, மேல்தட்டில் வையுங்கள். அடுத்த திங்களில், இன்ஷா அல்லாஹ், மழைக்காலத்தில் அலமாரித் துணிகளில் பூசணம் பிடிக்காமல் காக்கும் வகைகளைக் காண்போம்.